கப்பலைப் பறிகொடுத்ததும் வாட்ச்சில், கரை சேர்ந்ததும் வாட்ச்சில்: கேப்டன் பிளையின் கதை

1789 ஏப்ரல் 28. பசிபிக் பெருங்கடலில், டோங்கா தீவுகளுக்குப் பக்கத்தில், விடியற்காலை 4 மணி. பவுன்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் ஆள் மாறும் நேரம். நள்ளிரவிலிருந்து மேல்தளத்தில் நின்றவர்கள் கீழே படுக்கப் போகிறார்கள். அடுத்த கோஷ்டி தூக்கக் கலக்கத்தோடு மேலே ஏறுகிறது. அந்தக் கோஷ்டிக்குப் பொறுப்பாளர் ஃபிளெட்சர் கிறிஸ்டியன். ராத்திரி முழுக்க நிம்மதியில்லாமல் அலைந்துவிட்டு, அரை மணி நேரம்தான் கண்ணயர்ந்திருந்தார். எழுப்பிவிட்டார்கள்.

கேப்டன் வில்லியம் பிளை தன் அறையில் நல்ல தூக்கத்தில் இருந்தார். அறைக் கதவு திறந்தே கிடந்தது. சூரியன் உதிக்கும் முன்பே கிறிஸ்டியனும் இன்னும் மூன்று பேரும் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்து, பிளையின் கைகளைப் பின்னால் கட்டிவிட்டார்கள்.

பவுன்டி கலகத்தைப் பற்றி நாவல்கள் வந்திருக்கின்றன, ஹாலிவுட்டில் திரும்பத் திரும்பப் படமும் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பிளை கொடுங்கோலன், கிறிஸ்டியன் கதாநாயகன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கதையின் நடுவில் ஒரு சாதாரண விஷயம் இருக்கிறது. யார் எப்போது விழித்திருப்பது, யார் எப்போது தூங்குவது, சுக்கான் யார் கையில் என்ற பங்கீடு. கடலில் அதற்குப் பெயர் வாட்ச். பிளை கப்பலை இழந்தது, அவரே நல்ல எண்ணத்தில் போட்ட ஒரு வாட்ச் பட்டியலால். அடுத்து ஒரு சின்னப் படகில் 6,700 கிலோமீட்டர் கடந்து உயிர் பிழைத்ததும் அதே வாட்ச் முறையால்தான்.

வாட்ச் என்றால் என்ன?

ராத்திரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். டிரைவர் விழித்திருப்பார் என்ற நம்பிக்கை. ஆனால் பாய்மரக் கப்பலில் பயணம் ஒரு ராத்திரியோடு முடிகிற விஷயம் இல்லை. மாதக்கணக்கில் ஓடும். நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு எல்லோரும் தூங்கவும் முடியாது. காற்று மாறும், பாயைச் சுருக்கணும், விரிக்கணும். சுக்கானை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கணும். முன்னால் பாறையோ தீவோ தெரிகிறதா என்று ஒருவர் கண் வைத்திருக்கணும்.

அதனால் ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்தால் ஆறு பங்கு வரும். இதில் ஒரு சிக்கல். ஆட்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தால், நள்ளிரவு வேலை தினமும் ஒரே கோஷ்டி தலையில் விழும். அதைத் தவிர்க்க, மாலை 4 மணி முதல் 8 மணி வரையுள்ள பங்கை மட்டும் இரண்டு இரண்டு மணி நேரமாக வெட்டினார்கள். மொத்தம் ஏழு பங்கு. ஏழு ஒற்றைப்படை எண் என்பதால், நேற்று நள்ளிரவில் நின்றவர்களுக்கு இன்று அந்த வேளை வராது. கைக்கடிகாரம் இல்லாத காலத்து மூளை இது. அரை மணி நேர மணற்கடிகாரத்தைத் திருப்பும்போதெல்லாம் மணி அடிப்பார்கள். எட்டாவது முறை அடித்தால் ஆள் மாற வேண்டும்.

அன்றைய கப்பல்கள் பலவற்றில் ஆட்களை இரண்டு கோஷ்டியாகத்தான் பிரிப்பார்கள். நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. அதாவது, ஒரு மாலுமி தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்குவதே அதிர்ஷ்டம். ஈர உடையைக் கழற்றி, படுக்கையைக் கட்டி, மறுபடி அவிழ்க்கும் நேரம் போக மிஞ்சுவது மூன்றேகால் மணி நேரம் இருந்தால் பெரிது. புயல் வந்தால் அதுவும் போச்சு.

குக்கிடம் பாடம்

வில்லியம் பிளை பிறந்தது 1754-ல், இங்கிலாந்தில். ஏழு வயதிலேயே அவர் பெயர் கடற்படைக் கப்பல் ஒன்றின் பதிவேட்டில் ஏறிவிட்டது. பிற்காலப் பதவி உயர்வுக்குச் சேவைக் காலம் கணக்கில் வர வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் வசதியான குடும்பங்கள் செய்த தந்திரம் அது. 21 வயதில், 1776-ல், அவருக்குக் கிடைத்தது பெரிய வாய்ப்பு: ஜேம்ஸ் குக்கின் மூன்றாவது உலகப் பயணத்தில் ரெசல்யூஷன் கப்பலின் மாஸ்டர் பதவி. வழி கணிப்பது, வரைபடம் வரைவது, கப்பலைச் செலுத்துவது எல்லாம் மாஸ்டர் பொறுப்பு. அந்த வயதுக்கு அது சாதாரண வேலை இல்லை.

குக் தன் ஆட்களின் உடம்பைப் பார்த்துக்கொண்ட விதம் அன்று புதுசு. சுத்தம், புளித்த முட்டைக்கோஸ், காய்ந்த துணி. அதோடு மூன்று வாட்ச். மூன்று கோஷ்டியாகப் பிரித்தால் நான்கு மணி நேர வேலைக்கு எட்டு மணி நேர ஓய்வு கிடைக்கும். 1779-ல் ஹவாயில் குக் கொல்லப்பட்டபோது பிளை அந்தப் பயணத்தில்தான் இருந்தார். குக்கிடம் கற்ற பாடங்களை அவர் மறக்கவில்லை. குக்கிடம் இருந்த ஒன்றை மட்டும் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை என்பார்கள்: ஆட்களின் மனசு எங்கே நோகும் என்கிற கணக்கு.

பிறகு கல்யாணம். மனைவியின் மாமா டங்கன் கேம்ப்பெல்லுக்கு மேற்கிந்தியத் தீவு வியாபாரத்தில் கப்பல்கள் இருந்தன. பிளை சில வருஷம் அவற்றை ஓட்டினார். கிறிஸ்டியன் என்ற இளைஞர் அவருக்குக் கீழே வேலை கற்றதும் அப்போதுதான். இருவருக்கும் நல்ல பழக்கம்.

சீமைப்பலா தேடி ஒரு பயணம்

1787-ல் பிளைக்கு வந்த உத்தரவு கொஞ்சம் வினோதமானது. தஹிதி தீவுக்குப் போய் சீமைப்பலாக் கன்றுகளை ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளில் சேர்க்க வேண்டும். இலங்கையில் ஈரப்பலா என்கிறார்களே, அதே மரம்தான். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட தோட்ட முதலாளிகள் கண்டுபிடித்த வழி அது.

பவுன்டி சின்னக் கப்பல். 215 டன். கன்றுகளை வைக்கப் பெரிய அறையையே தொட்டிகளுக்கு ஒதுக்கிவிட்டதால், மொத்தம் 46 பேரும் நெருக்கியடித்துத்தான் இருக்க வேண்டும். கடற்படை அதிகாரி அந்தஸ்து பிளை ஒருவருக்கு மட்டும். கேப்டனுக்குப் பாதுகாப்பாக நிற்கும் துப்பாக்கி வீரர்கள் ஒருவர்கூட இல்லை. இந்த இரண்டு குறையும் பிறகு பெரிதாகப் பேசப்படும்.

1787 டிசம்பர் 23 அன்று இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார்கள். டெனரீஃப் தீவைத் தாண்டியதும் பிளை ஒரு முடிவெடுத்தார். போகப்போவது தென் அமெரிக்காவின் கீழ்முனையான ஹார்ன் முனை. குளிரும் புயலும் ஆளை உருக்கிவிடும். அதற்கு முன்பே ஆட்களுக்கு நல்ல தூக்கம் வேண்டும். எனவே மூன்று வாட்ச். ஏற்கெனவே இருந்த இரண்டு வாட்ச்சுக்கு மாஸ்டர் ஃபிரையரும் பீரங்கிப் பொறுப்பாளர் பெக்கோவரும் இருந்தார்கள். மூன்றாவது வாட்ச்சுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமே? பிளை கைகாட்டியது கிறிஸ்டியனை. மார்ச் மாதம் அவரைத் தற்காலிக லெஃப்டினன்ட் ஆக்கி எழுத்து மூலம் உத்தரவும் கொடுத்தார். மாஸ்டர் ஃபிரையரைத் தாண்டிப் போன பதவி உயர்வு அது.

ஹார்ன் முனையில் ஒரு மாதம் போராடினார்கள். ஒரு நாள் முன்னேறினால் அடுத்த நாள் காற்று பின்னால் தள்ளிவிடும். அந்த நாட்களில் பிளை நடந்துகொண்ட விதத்தைப் படிக்கும்போது, சினிமாவில் பார்த்த ஆள் இவர்தானா என்று தோன்றும். கப்பலுக்குள் இரவும் பகலும் அடுப்பு எரிந்தது. வாட்ச்சில் இருக்கும் ஒருவருக்கு நனைந்த துணிகளைக் காயவைப்பதே வேலை. படுக்கை நனைந்தவர்கள் ராத்திரியில் தூங்குவதற்காகப் பெரிய அறையை விட்டுக்கொடுத்தார். கடைசியில் ஏப்ரல் 22 அன்று, இது ஆகாது என்று கப்பலைத் திருப்பி, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வழியாகப் போனார். பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்தவர், ஆட்களின் உடம்பைப் பார்த்துப் பின்வாங்கினார்.

கசையடி விஷயத்திலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் பசிபிக் போன மற்ற கேப்டன்களோடு ஒப்பிட்டால் பிளை குறைவாகவே அடித்தார் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிரச்சினை சாட்டையில் இல்லை, நாக்கில் இருந்தது. கோபம் வந்தால் எல்லோர் முன்னாலும் அதிகாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டுவார். பிறகு மறந்துவிடுவார். திட்டு வாங்கியவர்கள் மறப்பார்களா?

தூங்கிப்போன வாட்ச்

தஹிதியில் ஐந்து மாதம் தங்க வேண்டியதாயிற்று. கன்றுகள் வேர் பிடிக்கணும். அந்த ஐந்து மாதத்தில் கடல் ஒழுங்கு கரைந்துபோனது. 1789 ஜனவரியில் ஒரு ராத்திரி, மூன்று மாலுமிகள் கப்பலின் சிறு படகையும் ஆயுதங்களையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். வாட்ச்சில் இருந்த இளம் அதிகாரி ஹேவர்ட் தூங்கிக்கொண்டிருந்தார். பிளை கொதித்துப்போனார். ஹேவர்டை விலங்கில் போட்டார். கடலில் தூங்குகிற காவல்காரரை மன்னிக்க முடியாது. அடுத்தவர் கண்ணை மூட முடிவதே இவர் கண்ணைத் திறந்திருப்பதால்தானே.

ஏப்ரல் தொடக்கத்தில் 1,015 கன்றுகளோடு கிளம்பினார்கள். பிளைக்கும் கிறிஸ்டியனுக்கும் உரசல் நாளுக்கு நாள் அதிகமானது. ஏப்ரல் 27 அன்று, மேல்தளத்தில் குவித்திருந்த தேங்காய்கள் குறைந்துவிட்டன என்று பிளை சத்தம் போட்டார். அதிகாரிகள் எல்லோரையும் திருடர்கள் என்றார், கிறிஸ்டியன் உட்பட. அன்று மாலையே, வழக்கம்போல எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கிறிஸ்டியனை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைத்து ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று பதில் வந்தது. கிறிஸ்டியன் அப்போது ஒரு தெப்பம் கட்டிக்கொண்டு கப்பலிலிருந்து தப்பிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

அன்றைய ராத்திரிப் பட்டியல் இதுதான். 8 மணி முதல் நள்ளிரவு வரை ஃபிரையர். நள்ளிரவு முதல் 4 வரை பெக்கோவர். 4 முதல் 8 வரை கிறிஸ்டியன். இரண்டே வாட்ச் இருந்திருந்தால் அந்த நேரத்தில் மேல்தளத்தின் பொறுப்பு கிறிஸ்டியன் கையில் வந்திருக்காது. கப்பலில் பாதிப் பேர் விழித்தும் இருந்திருப்பார்கள். மூன்று வாட்ச் என்பதால் விழித்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மீதிப் பேர், கேப்டன் உட்பட, தூக்கத்தில். மேல்தளத்தில் இருந்து குரல் கொடுத்திருக்க வேண்டிய இளம் அதிகாரிகள் இரண்டு பேர், ஹேவர்டும் ஹாலெட்டும். இருவருமே சமயத்தில் உஷாராக இல்லை. ஆம், அதே ஹேவர்ட்.

ஆயுதப் பெட்டிச் சாவி, சுறாவைச் சுட வேண்டும் என்ற சாக்கில் கைமாறியது. சுக்கானைப் பிடித்திருந்தவர் தாமஸ் எலிசன் என்ற பதின்ம வயதுப் பையன். அவரும் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். பிளையின் கதவு ஏன் திறந்திருந்தது? எந்த நேரத்திலும் வாட்ச் அதிகாரி வந்து தன்னை எழுப்ப வேண்டும் என்பதற்காக அவர் எப்போதும் திறந்தே வைத்திருப்பார். எழுப்ப வந்தவரும் வாட்ச் அதிகாரிதான்.

23 அடியில் 19 பேர்

பிளையை ஒரு திறந்த படகில் இறக்கினார்கள். கூட 18 பேர். இன்னும் சிலர் வரத் தயாராக இருந்தும் படகில் இடமில்லை. நீளம் 23 அடி, அகலம் 6 அடி 9 அங்குலம். ஒரு டெம்போ டிராவலர் வேன் அளவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கூரை கிடையாது. இத்தனை பேரும் சாமானும் ஏறியதும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே படகின் விளிம்பு ஒரு சாண்கூட இல்லை.

சாப்பாடு: 150 பவுண்டு ரொட்டி, 16 துண்டு பன்றி இறைச்சி, 28 கேலன் தண்ணீர், கொஞ்சம் ரம்மும் ஒயினும், சில தேங்காய்கள். ஒரு திசைகாட்டி உண்டு, கோணம் அளக்கும் கருவி உண்டு. வரைபடம் கிடையாது. துப்பாக்கி கொடுக்க மறுத்து, நான்கு குறுவாள்களைத் தூக்கிப்போட்டார்கள்.

பக்கத்தில் இருந்த டோஃபுவா தீவில் உணவு தேடினார்கள். தீவு மக்களோடு மோதல் வந்து, கரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஓடிய ஜான் நார்ட்டன் கல்லடிபட்டு இறந்தார். மீதி 18 பேர். இனி வழியில் எந்தத் தீவிலும் இறங்கி உதவி கேட்க முடியாது என்று புரிந்துவிட்டது. தெரிந்த ஐரோப்பியக் குடியிருப்பு என்றால் டச்சுக்காரர்கள் இருந்த திமோர்தான். 3,600 கடல் மைலுக்கு மேல். ஒரு நாளைக்கு ஒரு அவுன்ஸ் ரொட்டி, கால் பைண்ட் தண்ணீர். அதாவது 28 கிராம் ரொட்டியும் அரை டம்ளர் தண்ணீரும். சம்மதமா என்று பிளை ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கினார். அந்த ராத்திரியே, பாயை ஏற்றியதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஆட்களை வாட்ச்சாகப் பிரித்தது.

கப்பலில் வாட்ச் என்பது வேலைப் பங்கீடு. படகில் அதைவிட அடிப்படையான ஒன்றைப் பங்கிட வேண்டியிருந்தது: இடம். 18 பேரும் ஒரே நேரத்தில் படுக்க முடியாது. உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகிறது, நீட்டவும் வழியில்லை. சில நாட்களில் பிளை புது ஏற்பாடு செய்தார். ஆட்களைச் சரிபாதியாகப் பிரித்தார். பாதிப் பேர் உட்கார்ந்திருக்க, பாதிப் பேர் படகின் அடித்தளத்திலோ பெட்டி மேலோ படுப்பார்கள். அடித்தளம் என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் பலகை. மேலே போர்த்த வானம்தான். கப்பலில் ஆட்களுக்காக மூன்று வாட்ச் போட்டவர், இங்கே வேறு வழியில்லாமல் இரண்டு வாட்ச்சுக்கு இறங்கினார்.

விழித்திருந்தவர்களுக்கு வேலை இரண்டு. ஒன்று, தண்ணீர் இறைப்பது. மே மாதத்தில் பெரும்பாலான நாட்கள் மழையும் பேரலையும். இறைப்பதை நிறுத்தினால் படகு நிறைந்துவிடும். இரண்டாவது, சுக்கான். பாரம் தாங்காத சின்னப் படகு, பின்னாலிருந்து அலை வரும் கடலில் ஓடும்போது, அலை தூக்கும் கணத்தில் படகின் பின்பக்கம் சரியாக அலைக்கு நேராக இருந்தாகணும். கொஞ்சம் சாய்ந்தாலும் படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை உள்ளே கொட்டும். கதை முடிந்தது. ராத்திரியில் இது இன்னும் மோசம். பின்னால் வரும் அலை கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தையும், படகு தூக்கப்படுவதை உடம்பில் உணர்வதையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பசியில் வாடி, குளிரில் நடுங்கி, தூக்கம் கெட்ட ஒருவர் கையில் மற்ற 17 பேரின் உயிர். சுக்கானில் ஒரு தப்பு நடந்தால் அதோடு எல்லாம் முடியும் என்பதைப் பிளை தன் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

குளிருக்கு அவர் சொன்ன வைத்தியம் விசித்திரமாகத் தோன்றும். மழையில் நனைந்த துணியைக் கழற்றிக் கடல்நீரில் முக்கிப் பிழிந்து மறுபடி போடச் சொன்னார். மழைத்தண்ணீரைவிடக் கடல்தண்ணீர் வெதுவெதுப்பு. வேலை செய்தது.

பங்கு பிரிப்பதில் அவர் காட்டிய கறார் இன்னொரு ரகம். இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் தராசு செய்தார். எடைக்கல் ஒரு துப்பாக்கிக் குண்டு. எப்போதாவது ஒரு கடற்பறவை கையில் சிக்கினால், குடல், கால், அலகு எல்லாம் சேர்த்து 18 கூறாக வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். கேப்டனுக்குக் கால் கிடைத்தாலும் அலகு கிடைத்தாலும் அதுதான். இந்தக் குலுக்கலில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றையும் பகிர்ந்துகொண்டார்: தனக்குத் தெரிந்த வழியை. திமோர் என்ற பெயரைத் தவிர அந்த ஆட்களுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. நியூ கினி எங்கே, ஆஸ்திரேலியக் கரை எங்கே, எப்படித் திரும்பினால் திமோர் வரும் என்று பொழுதுபோக்குப் போலச் சொல்லிக்கொடுத்தார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மிஞ்சுகிறவர்கள் போய்ச் சேர வேண்டும். படகின் வேகத்தை அளக்கக் கயிறு ஒன்றில் முடிச்சுப் போட்டு, சரியாக நொடி எண்ணுவதற்கு ஆட்களைப் பழக்கினார். இரவு வாட்ச்சில் எத்தனை மைல் ஓடினோம் என்ற கணக்கு அப்படித்தான் வந்தது.

சுக்கான்காரர் கேட்ட சத்தம்

மே 28, நள்ளிரவு தாண்டிய நேரம். ஆஸ்திரேலியாவின் கிழக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீளும் பவளப்பாறைத் தொடரை நெருங்கியிருந்தார்கள். இருட்டு. பாதிப் பேர் படுத்திருக்கிறார்கள். பிளையும் படுத்திருந்தார். சுக்கான் பிடித்திருந்தவர் காதில் அலை உடையும் இரைச்சல் விழுந்தது. உடனே குரல் கொடுத்தார். பிளை தலையைத் தூக்கிப் பார்த்தால், கால் மைல் தூரத்தில் வெள்ளையாக நுரை பொங்குகிறது, காற்றும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. படகைத் திருப்பி, சில நிமிடங்களில் தப்பினார்கள்.

அந்தச் சுக்கான்காரர் யார் என்று பிளை பெயர் குறிப்பிடவில்லை. 25 நாள் பட்டினியில் கிடந்த ஒருவர், அரைத் தூக்கத்தில் தலை சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மாதத்துக்கு முன்பு பவுன்டியில் உஷாராக இல்லாத அந்த இரண்டு இளைஞர்களும் இதே படகில்தான் இருந்தார்கள்.

பிறகு பாறைத்தொடரில் ஒரு இடைவெளி கண்டு உள்ளே நுழைந்து, மே 29 அன்று ஒரு சின்னத் தீவில் இறங்கினார்கள். காலை நீட்டித் தூங்கினார்கள். சிப்பிகளைப் பொறுக்கி, யாரோ புத்திசாலித்தனமாகக் கப்பலிலிருந்து எடுத்துவந்த செப்புப் பானையில் வேகவைத்தார்கள்.

வயிறு கொஞ்சம் நிறைந்ததும் சண்டையும் கிளம்பியது. யாரோ பன்றி இறைச்சியைத் திருடினார்கள். தச்சர் பர்செல் கேப்டனை எதிர்த்துப் பேச, பிளை குறுவாளை எடுத்துக்கொண்டு சண்டைக்கு நின்றார். இன்னொரு தீவில் பறவை பிடிக்கப் போன மாலுமி லாம்ப், கூட வந்தவர்களை விட்டுப் பிரிந்து போய் பறவைகளைக் கலைத்துவிட்டார். ஒன்பது பறவைகளைப் பச்சையாகத் தின்றது பிறகு தெரியவந்தது. பிளை அவரை அடித்தார். கடலில் அடங்கியிருந்த எல்லாம் கரையில் வெடித்தது. படகில் அத்தனை நாள் அவர்களைக் கட்டிவைத்திருந்தது அன்பு அல்ல, முறை.

ஜூன் 12 அதிகாலை 3 மணிக்கு, வாட்ச்சில் இருந்தவர்கள் கண்ணில் திமோர் பட்டது. ஜூன் 14 அன்று குபாங் துறைமுகம். அனுமதி இல்லாமல் அந்நிய நாட்டு மண்ணில் இறங்கக் கூடாது என்று, எலும்பும் தோலுமாக இருந்த அந்த ஆட்கள், வழியிலேயே துணித்துண்டுகளைத் தைத்து ஒரு பிரிட்டிஷ் கொடி செய்து வைத்திருந்தார்கள். அதை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். இப்படி ஒரு கேப்டன்! டோஃபுவாவிலிருந்து 41 நாள், 3,618 கடல் மைல். கடலில் ஒருவர்கூடச் சாகவில்லை. அதே அளவில் இன்னும் 11 நாளைக்குச் சாப்பாடு மீதி இருந்தது.

சாவு கரையில்தான் காத்திருந்தது. தாவரவியலாளர் நெல்சன் குபாங்கிலேயே காய்ச்சலில் இறந்தார். படேவியாவிலும் ஊர் திரும்பும் வழியிலும் இன்னும் சிலர். 19 பேரில் இங்கிலாந்து மண்ணை மிதித்தவர்கள் 12 பேர்.

பிறகு என்ன ஆனது?

1790 மார்ச்சில் பிளை ஊர் திரும்பினார். கப்பலை இழந்ததற்கான ராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1791-ல் மறுபடி சீமைப்பலா எடுக்கப் போனார். இந்த முறை இரண்டு கப்பல், துப்பாக்கி ஏந்திய வீரர்கள். வேலை முடிந்தது, கன்றுகள் மேற்கிந்தியத் தீவுகளில் வேர் பிடித்தன. யாருக்காக இத்தனை பாடோ, அந்த அடிமைகளுக்கு முதலில் அந்தக் காய் பிடிக்கவில்லை என்பது தனிக்கதை.

கிறிஸ்டியனும் சிலரும் பிட்கெய்ர்ன் என்ற தீவில் ஒளிந்து, 1790 ஜனவரியில் பவுன்டியைக் கொளுத்திவிட்டார்கள். தஹிதியில் தங்கிவிட்டவர்களைப் பிடிக்க பண்டோரா கப்பல் போனது. அடையாளம் காட்ட அதில் போன அதிகாரி வேறு யாரும் இல்லை, ஹேவர்ட். பிடிபட்டவர்களில் மூன்று பேர் 1792 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதில் ஒருவர் எலிசன், அன்று விடியற்காலை சுக்கானில் நின்ற பையன்.

பிளையின் நாக்கு மட்டும் மாறவே இல்லை. 1805-ல் தனக்குக் கீழே இருந்த லெஃப்டினன்டைத் திட்டியதற்காக ராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது. 1806-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராகப் போனார். அங்கே ரம் வியாபாரத்தில் கொழுத்திருந்த ராணுவ அதிகாரிகளோடு மோதல். 1808 ஜனவரி 26 அன்று அவர்கள் ஆளுநர் மாளிகைக்கே வந்து அவரைக் கைது செய்தார்கள். இரண்டாவது முறையும் சொந்த ஆட்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்தக் கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஜான்ஸ்டன் பின்னர் தண்டிக்கப்பட்டார். பிளைக்குப் பதவி உயர்வு வந்துகொண்டேதான் இருந்தது, கடைசியில் வைஸ் அட்மிரல் வரை.

1817 டிசம்பர் 7 அன்று லண்டனில் இறந்தார். தேம்ஸ் நதியோரம் லாம்பெத் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அந்த இடம் இப்போது தோட்டக்கலை அருங்காட்சியகம். சீமைப்பலாவைத் தஹிதியிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசேர்த்தவர், நாட்டுக்காகப் போரிட்டவர் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்த 23 அடிப் படகைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.